முதுமையற்ற எஞ்சின்

சிறு டிராக்டரின் பராமரிப்பு கிலோமீட்டரால் அன்றி, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரால் கணக்கிடப்படுவதால், முதல் 50 மணி நேரத்திலும் பின்னர் ஏறத்தாழ 250 மணி நேரத்திற்கு ஒருமுறையும் ஆயில் மாற்ற வேண்டும் என்று கையேடுகள் பொதுவாக வற்புறுத்துகின்றன. தம் கையாலேயே பராமரிக்கும் தமிழக உரிமையாளர் சிலரோ இதனினும் நுட்பமான நெறியைக் கண்டடைந்துள்ளனர். ஆயுதபூஜையன்று பானெட்டுக்குச் சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கி, கிரீஸ் ஏற்றும் முனைகளுக்கும் மறவாமல் குங்குமமிட்டு (கிரீஸ் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளப்படும்), மீட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டால், எஞ்சின் 249ஆம் மணியிலேயே என்றும் இளமையோடு நிற்கிறது. ஆயிலும் மிச்சம், மெக்கானிக் கூலியும் மிச்சம். மறுவிற்பனையில் வாங்க வருபவரும் அக்கணக்கை ஐயமின்றி ஏற்கிறார். அவர் மாற்றாகக் கொண்டுவந்த வண்டியும் 249இல்தான் நிற்கிறது.