செவ்வாய்க்கிழமை நெப்போலியன்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்தை ஒட்டி ஒரு பொதுக்கூடம் இருக்கும். திங்கள் மாலை அங்கே யோகா வகுப்பு. புதன் மாலை குழந்தைகள் பாலே கற்றுக்கொள்கிறார்கள். இடையில் வரும் செவ்வாயன்று ஏழு மணிக்கு ஐரோப்பாவின் தலையெழுத்து திருத்தி எழுதப்படுகிறது.

திருத்துபவர் அநேகமாக ஐம்பதைத் தாண்டியவர். பகலில் கணக்கராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆள் வைத்துப் பார்ப்பவர். பூனையை அதட்டினால்கூட அது நகராது. ஆனால் மேசைமேல் பச்சை விரிப்பைப் போட்டு, தெர்மோகோல் குன்றுகளை அடுக்கிவிட்டால் போதும், 70,000 பேர் கொண்ட சேனை அவர் சொல்லுக்குக் காத்து நிற்கும். அவ்வளவு பேரையும் மேசையில் நிறுத்த முடியாதே? அதற்கும் கணக்கு உண்டு. ஒரு பொம்மை என்பது இருபது பேர். சில விதிப்புத்தகங்களில் முப்பத்துமூன்று பேர். ஒரு பொம்மை விழுந்தால் ஒரு வகுப்பறையே காலி. மனிதர் முகம் சுளிக்காமல் அதை எடுத்துப் பெட்டியில் வைப்பார். அதே பொம்மையின் துப்பாக்கி முனை வளைந்துவிட்டால் மட்டும் அன்றிரவு அவருக்குத் தூக்கம் கிடையாது.

அவர் இந்தப் போர் விளையாட்டுக் கழகத்துக்கு வருவதே வரலாற்றை மாற்றத்தான். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் செய்த பிழைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். முந்தைய இரவு மழை, காலையில் சேறு, முற்பகல் வரை தாக்குதலைத் தள்ளிப்போட்டது, பிரஷ்யர்களைத் துரத்த 33,000 பேரோடு மார்ஷல் க்ரூஷியை அனுப்பிவிட்டு அந்த ஆள் எங்கே என்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்ய அவரிடம் திட்டம் இருக்கிறது. ஆனால் மாற்றலாம் என்பது போரின் முடிவுக்கு மட்டும்தான். சீருடைப் பொத்தானுக்கு அந்தச் சலுகை இல்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஆசையோடு பேரரசரின் பழைய காவல்படையை வெள்ளைக் கால்சட்டையில் கொண்டுவந்து நிறுத்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரு கனைப்பு கேட்கும்.

"நல்லா வண்ணம் அடிச்சிருக்கீங்க. ஆனா வாட்டர்லூவில் இவங்க நீண்ட மேலங்கியும் நீலக் கால்சராயும் போட்டிருந்தாங்க. இது அணிவகுப்பு உடை."

"ஆறடி தூரத்திலிருந்து பார்த்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

பிரான்ஸ் ஜெயித்தால் தவறில்லை, கால்சட்டை மாறினால் வரலாற்றுத் துரோகம்! இந்த வம்சத்துக்கு மூலபுருஷர் என்று வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியைச் சொல்லலாம். வாட்டர்லூ களத்தை மாதிரி வடிவில் செய்யும் பணி 1830-இல் அவரிடம் வந்தது. மனிதர் அந்தக் களத்திலிருந்த லா ஹே செந்த் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். மாலை ஏழு மணி அளவில் உங்கள் படை எங்கே நின்றது, எதிரே என்ன பயிர் இருந்தது என்று போரில் பிழைத்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்த அந்த மாதிரியில் 70,000-க்கும் மேற்பட்ட ஈயப் பொம்மைகள். கடனும் அதற்கேற்ற அளவில் வளர்ந்திருந்தது. ஒரே ஒரு சிக்கல்: கிடைத்த சான்றுகளை நம்பி, அந்த நேரத்தில் பிரஷ்யர்கள் எக்கச்சக்கமாகக் களத்துக்குள் வந்துவிட்டதாக அவர் காட்டியிருந்தார். பிரிட்டிஷ் தரப்பை நடத்திய வெலிங்டனுக்கு இது பிடிக்கவில்லை. வெற்றியில் பங்கு கேட்டு அத்தனை பேர் நிற்பதை எந்தத் தளபதிதான் ரசிப்பார்? கடைசியில் சைபோர்ன் ஏறக்குறைய 40,000 பிரஷ்யர்களை மேசையிலிருந்து அகற்றினார். பிரஷ்யப் படைக்கு நெப்போலியன்கூட அன்று அவ்வளவு சேதம் விளைவிக்கவில்லை. மாதிரி இன்று செல்சியிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மாள் அதன் கண்ணாடிமேல் மூக்கு படிய நின்றுவிட்டு வருவார்.

"இந்த வயதில் பொம்மையா?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவர் வம்சாவளியை அவிழ்ப்பார். நெப்போலியனிடம் 1806-இல் உதைபட்ட பிரஷ்யாவில்தான் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் போர் விளையாட்டை உருவாக்கினார்கள். மகன் 1824-இல் வெளியிட்ட விதிகளைப் பிரஷ்ய ராணுவமே அதிகாரிகளுக்கான பயிற்சியாக எடுத்துக்கொண்டது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தரையில் படுத்துப் பொம்மைப் பீரங்கி சுட்டு, அதற்கு 1913-இல் விதிப்புத்தகமே எழுதினார். 1962-இல் இந்தப் பொழுதுபோக்கைப் பாமரருக்கும் கொண்டுசேர்த்த நூலை எழுதிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், சவுதாம்ப்டன் கால்பந்துக் குழுவின் இயன்முறை மருத்துவர். கேட்டவர் இதற்குள் தேநீர்க் கெட்டில் பக்கம் நழுவியிருப்பார்.

வம்சாவளி மனைவியிடம் எடுபடாது. அங்கே பிரச்சினை பரண். வண்ணம் அடித்த படை ஒன்றென்றால், அடிக்காத படை மூன்று பெட்டிகளில் காத்திருக்கும். ஆண்டுதோறும் லண்டனில் நடக்கும் 'சல்யூட்' போர் விளையாட்டுக் கண்காட்சிக்கு வெறுமனே பார்த்துவரப் போகிறேன் என்று கிளம்புபவர், திரும்பும்போது முதுகுப்பையில் ஒரு பவேரியப் படைப்பிரிவோடு வருவார். பழைய பெட்டியொன்றில் 1803-இல் இந்தியாவில் நடந்த அஸ்ஸாயே போரும் கிடக்கிறது. வெலிங்டன் தம் போர்களிலேயே சிறந்ததாகக் கருதியது அதைத்தான் என்பார்கள்; அங்கே அவருக்காக நின்ற காலாட்படையில் பெரும்பகுதி மெட்ராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள். இந்தக் குளிர்காலத்தில் எப்படியும் அவர்களுக்கு வண்ணம் அடித்துவிடுவேன் என்று பல குளிர்காலங்களாகச் சொல்லிவருகிறார். ஐரோப்பா முடிந்தால்தானே?

இனி ஆட்டம். இஞ்சு டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும், இழப்பு அதிகமானால் மறுபடி உருட்டிப் படையின் மனத்திடத்தைச் சோதிக்க வேண்டும். எந்த நாட்டுப் படை எவ்வளவு உறுதியானது என்று பல விதிப்புத்தகங்களில் அட்டவணை இருக்கும். பிரிட்டிஷ்காரன் இரண்டு வரிசையாக நின்று எல்லாத் துப்பாக்கியாலும் சுட்டான், பிரெஞ்சுக்காரன் நெடும்பத்தியாக வந்ததால் முன்வரிசையால் மட்டுமே சுட முடிந்தது என்பது உண்மைதான். ஆனால் பிரிட்டனில் எழுதிய அட்டவணைகளில் பிரிட்டிஷாருக்குக் கூடுதல் புள்ளி கிடைக்க அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஸ்பானியப் படையை ஏற்றவர் ஆட்டம் முழுக்க வருத்தமான முகத்தோடு இருப்பார்.

நம்மாளின் உண்மையான சோதனை ஆறாவது சுற்றில் வருகிறது. வாட்டர்லூவில் மார்ஷல் நே, காலாட்படையின் துணையில்லாமல் குதிரைப்படையை மட்டும் சரிவில் ஏவினார். பிரிட்டிஷார் சதுரம் கட்டி, நாலு பக்கமும் துப்பாக்கி ஈட்டியை நீட்டி நின்றார்கள். குதிரைகள் சுற்றிச்சுற்றி வந்து மாண்டன. இந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பற்றி நம்மாள் கழகத்தில் ஒரு சொற்பொழிவே செய்திருக்கிறார். ஆனால் இன்று அவருடைய கவசக் குதிரைவீரர்கள் பின்வரிசையில் சும்மா நிற்கிறார்கள். மார்புக் கவசம் ஒவ்வொன்றுக்கும் மூன்று பூச்சு வெள்ளி வண்ணம். ஒரு குளிர்காலம் முழுவதும் மேசைவிளக்கடியில் கழிந்தது அதற்காகத்தான். இவர்களைக் களமிறக்காமல் பெட்டிக்குள் திருப்பி அனுப்புவதா? டேப்பை எடுக்கிறார். பன்னிரண்டு அங்குலம், மறுபடி பன்னிரண்டு. எதிராளி ஒன்றும் பேசாமல் பட்டாளங்களைச் சதுரமாக அடுக்குகிறார்.

பகடையில் ஒன்றும் இரண்டும் விழுகின்றன. "இந்தப் பகடை சரியில்லை" என்று அதைத் தூக்கி ஓரமாக வைக்கிறார். மார்ஷல் நேவுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஆனாலும் நம்பிக்கை குன்றவில்லை. பிரஷ்யர்கள் மேசைக்கு வருவது பத்தாவது சுற்றில்; இப்போது மணி ஒன்பது ஐம்பது, நடப்பது எட்டாவது சுற்று. கால்சராய் விவாதமே முக்கால் மணி நேரத்தைத் தின்றிருக்கிறது. சாவிக்கொத்தோடு வாசலில் நிற்கும் கூடக் காவலர் பிரஷ்யத் தளபதி ப்ளூகரைவிடக் கண்டிப்பானவர்; பத்துக்கு விளக்கை அணைத்துவிடுவார்.

"அப்போ வெற்றி எனக்குத்தான். பிரஷ்யர்கள் வரவே இல்லையே" என்கிறார் நம்மாள், குதிரைவீரர்களைப் பஞ்சுக்குள் பொதிந்தபடி.

"உங்ககிட்ட குதிரைப்படையே மிச்சமில்லை" என்கிறார் எதிராளி.

"அடுத்த செவ்வாய் இருக்கே. இல்லைன்னா போரோடினோ வெச்சுக்கலாமா? ரஷ்யப் படையை நீங்க எடுத்துக்கோங்க. ஆனா கோட்டு சரியான பச்சையா இருக்கணும்."