சக்கரையே, உன் பொறுமை யாருக்கு வரும்!

சக்கரை நோயே, உன் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். நூல் விலை ஏறினால் விசைத்தறி ஊரான சாமளாபுரமே பதறும். கூலிப் பேச்சு இழுத்தால் விசைத்தறிகள் நின்றுவிடும். நீ எதற்கும் பதறுவதில்லை. வலியோ காய்ச்சலோ காட்டாமல் வருடக்கணக்கில் உடம்புக்குள் இருந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் பாத நரம்பையும் நிதானமாகத் தின்கிறாய். மாத்திரையை நிறுத்தியவரைக்கூட நீ உடனே தண்டிப்பதில்லை. "நிறுத்திட்டனுங்க, நல்லாத்தான இருக்கறேன்" என்று அவரைச் சொல்லவைக்கும் பெருந்தன்மை உன்னுடையது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தும், உன்னால் அந்த அட்டைகள் சில வீடுகளில் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன.

ஏழை பணக்காரன் என்று பார்க்காத உன் குணமும் பெரிது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் உன் வசம்.

ஆனாலும் உன்னைவிட உன் தம்பியைத்தான் மெச்சவேண்டும். அவனை லோ சுகர் என்கிறார்கள். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொண்டு, தறியில் பாவு பிணைக்கும் அவசரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவரைத் தேடி வருபவன். உன்னைப்போல் ஊமையல்ல. ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழே போனதும், பெரும்பாலும் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறான். எத்தனை நேர்மை! அவன் வரும் இடமோ தறிக்குடோன். அங்கே எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. நாக்குக் குழறினாலும் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நைட் ஷிப்டில் கண் சொருகினால் தூக்கம் என்றே நினைப்பார்கள்.

அப்போது தேவை மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். கால் மணி நேரம் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. ஆனால் பக்கத்துத் தறிக்காரர், "அண்ணனுக்குச் சக்கரை ஆகாதுங்க" என்று அக்கறையோடு சர்க்கரை போடாத டீயை நீட்டுகிறார். உயிர் காக்கும் நேரத்திலும் சர்க்கரையைத் தொடவிடாத அளவுக்கு உன்மேல் பயம் வளர்த்து வைத்திருக்கிறாயே, அதுதான் உன் சாமர்த்தியத்தின் உச்சம்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்கவேண்டும் என்பதும், ஷிப்ட் மாறும்போது மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதும் குடோன் சுவரில் எழுதப்படாதவரை, அண்ணன் தம்பி இருவர் புகழுக்கும் ஒரு குறையும் வராது.