ட்விஸ்ட் முன்னாடியே தெரிஞ்சுதா கண்ணு?

ஏமாத்துக்காரன் படம் பாத்துப்போட்டு வெளிய வந்தா, கண்ணு, மொதல்ல மூஞ்சியச் சரி பண்ணிக்கோணும். உள்ள வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்ததெல்லாம் இருட்டோட போச்சு. வாசப்படி தாண்டுனதும் ஒரு சலிப்பு சலிச்சுக்கிட்டு, "இதுதான் நடக்கும்னு இடைவேளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்"னு சொல்லிப்போடு. ஆரு வந்து சாட்சி கேக்கப் போறாங்க? அதுக்கு வரியும் கிடையாது, ஜிஎஸ்டியும் கிடையாது.

உனக்கு இத நான் சொல்லிக் குடுக்கோணுமா என்ன. 2020 பிப்ரவரிக் கடைசியில 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்' படத்துக்கு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனியே. கொரோனா வந்து கொட்டாயெல்லாம் சாத்தறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. துல்கர் சல்மானும் இன்னொரு பையனும் ஆன்லைன்ல லேப்டாப்பு வாங்கி, உள்ள இருக்கற நல்ல சாமானை உருவிப்போட்டு, புடிக்கலைன்னு திருப்பி அனுப்பறானுங்க. ஊரையே மொட்டையடிக்கற பசங்க ரெண்டு புள்ளைங்களப் பாத்து மயங்கி வுழுந்தானுங்க. இடைவேளை வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைங்க இவனுங்களையே வழிச்சுத் தொடைச்சுக்கிட்டுப் போயிருச்சுங்க. அந்த எடத்துல நீ "அடேய்"னு கத்துன கத்துல முன்சீட்டுக்காரன் திரும்பிப் பாத்தான். பாப்கார்ன் பாதி என்ற வேட்டியில கொட்டிப்போச்சு. வெளிய வந்து கூட்டாளிககிட்ட என்ன சொன்னே? "அந்தப் பொண்ணு மேல எனக்கு மொதல்லயே டவுட்டு." நானும் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். ஒண்ணும் பேசல. மடியில ஒட்டிக்கிட்டிருந்த ஒரு பாப்கார்ன எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்.

அடுத்தது லாஜிக். இந்தச் சொல்ல வெச்சிருக்கறவனுக்குச் சோத்துக்கு இல்லைன்னாலும் பேச்சுக்குப் பஞ்சம் வராது. படம் ஓடறப்ப சிரிச்சுப்போடு, வெளிய வந்ததும் "எல்லாஞ் செரி, லாஜிக் இடிக்குது"ன்னு சொல்லு. எங்க இடிக்குதுன்னு ஆராச்சும் கேட்டா, "நீங்க இன்னொருக்கா பாத்தாத் தெரியும்"னு போயிரு. டீக்கடையில இருக்கறவன் உனக்குப் பெரிய மூளைன்னு நெனைச்சுக்குவான்.

லாஜிக்குன்னதும் உன்ற ஐயன் நெனப்புத்தான் எனக்கு வருது. 'சதுரங்க வேட்டை' டிவியில போட்டப்ப நாங்க ரெண்டு பேரும் உங்கூட்டு ஆசாரத்துல உக்காந்துதான் பாத்தோம். 2014 ஜூலையில வந்த படம். வினோத்துன்னு ஒரு தம்பிக்கு அதுதான் மொதப் படம், மனோபாலா பணம் போட்டாரு. ஹீரோ ஆருன்னு பாத்தா இந்திப் படத்துக்கெல்லாம் கேமரா புடிச்ச நட்டி. படத்துல பேரு காந்தி பாபு. பேர வெச்சான் பாரு! ரூவா நோட்டுல சிரிக்கறாரே, அவரையே கூட்டாளியாச் சேத்துக்கிட்டான்.

அவன் மொதல்ல புடிக்கறது ஒரு செட்டியாரை, இளவரசு நடிச்சாரு. மண்ணுளிப் பாம்பக் காட்டி ரெட்டைத் தலைங்கறான், கோடிக்குப் போவுமுங்கறான். அதைய வாங்கிக்கறதுக்கு ஆளும் ரெடி. செட்டியாரு பணத்தைக் குடுத்துப்போட்டு பாம்போட நிக்கறாரு. உன்ற ஐயன் காலாட்டிக்கிட்டே சொன்னாரு பாரு: "ஏனுங் மாமா, படிச்ச மனுசன், நாலு காசு பாத்தவன், ஒரு பாம்ப நம்பி இத்தனை லட்சம் குடுப்பானுங்களா? லாஜிக்கே இல்லீங்."

நான் அவரு மூஞ்சியப் பாக்கல. சன்னல் வழியா பொறக்கடையப் பாத்தேன். அங்க ஆறடி ஒசரத்துக்குக் கம்பி வலை போட்டு ஒரு பட்டி இருக்குதே, இப்ப வெள்ளாடு நிக்குதே, அது ஆட்டுக்குன்னா போட்டது? வெள்ளாட்டுக்கு எதுக்குக் கண்ணு ஆறடி வலை? உனக்கு அப்ப பத்து வயசிருக்கும். பள்ளிக்கூடம் வுட்டு வந்ததும் அதுகளுக்குத் தீனி போடறேன்னு போயி, சட்டைப் பொத்தானைக் கொத்திப்போடுச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தியே, அந்தப் பட்டிதான்.

பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி அப்பிடித்தான் வந்துச்சு. ஒன்றரை லட்சம் கட்டுனா 6 குஞ்சு குடுப்பாங்க, கொட்டாயும் போட்டுத் தருவாங்க, தீனியும் அவங்களே. வளக்கற கூலியா மாசம் 6,000 ரூவா. ஆஸ்திரேலியாவுல மேயற பறவை, நம்மூரு வெயில்ல கிணத்து மோட்டுல நின்னுக்கிட்டு வவுத்துக்குள்ள உறுமி அடிக்கற மாதிரி சத்தம் போட்டுச்சு. முட்டை கரும்பச்சையில மாங்கா கணக்கா இருந்துச்சு. அந்தக் கறியத் தின்னவன் இந்தச் சில்லாவுல எத்தனை பேருன்னு ஒருத்தனும் கேக்கல. டிவி விளம்பரத்துல சினிமாக்காரங்க வந்து சொன்னாங்க, அப்பறம் லாஜிக் எதுக்கு? மொத மாசம் 6,000 வந்துச்சு. ரெண்டாவது மாசமும் வந்துச்சு. உங்கம்மாளுக்கு நான் போட்ட நகையெல்லாம் ஈரோட்டுக்கு அடகுக்குப் போனது அதுக்கப்பறந்தான். 2012 ஆகஸ்டுல கம்பெனிகளச் சாத்திப்போட்டாங்க. பட்டினி கெடந்த கோழிகளுக்குச் சர்க்காரே தீனி போட வேண்டியதாப் போச்சு.

நான் தப்பிச்சுக்கிட்டேன்னு உங்கம்மிச்சி ஊரெல்லாம் பெருமை பேசறா. பேசட்டும். அந்த நேரத்துல மஞ்ச வெல தரைக்கு வந்துருச்சு கண்ணு, என்ற கையில ஒன்றரை லட்சம் இல்ல. இருந்திருந்தா உங்கூட்டுப் பட்டிக்கு எதுத்தாப்புல இன்னொரு பட்டி நின்னுருக்கும். இத உங்கம்மிச்சிகிட்டச் சொல்லிப்போடாத.

ஆனா மாப்பிள்ளைகிட்ட இதெல்லாம் பேச முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. அதனால "ஆமாங் மாப்ள, லாஜிக் கம்மிதானுங்"ன்னு சொல்லிப்போட்டு முறுக்குத் தின்னேன்.

இப்ப உன்ற டவுட்டுக்கு வர்றேன். ட்விஸ்ட் முன்னாடியே தெரியுமுன்னு சொல்றியே, உனக்கு அது எப்பிடித் தெரிஞ்சுது? அந்த டைரக்டரு என்ன கேணையனா? மொதல்ல ஒரு சின்ன முடிச்ச உனக்கு அவுக்கக் குடுப்பான். "ஓ, இவன் பொய் சொல்றான்"னு நீயே கண்டுபுடிச்ச மாதிரி இருக்கும். அது உனக்கு வந்த மொத மாசத்து 6,000. அதைய வாங்கி மடியில வெச்சதும் நீ நிமிந்து உக்காந்துக்குவ. இனி நம்மள ஆரும் ஏமாத்த முடியாதுன்னு நெனைப்ப. அவனுக்கு வேண்டியதும் அதுதானே. பெரிய முடிச்ச அதுக்கப்பறந்தான் போடுவான். கடைசியில அது அவுந்து வுழுந்தாலும், மொத முடிச்ச அவுத்தவன் நாந்தான்னு வெளிய வந்து பீத்திக்குவ. உன்ற ஐயனும் கம்பெனி மூடுன பொறவு, "எனக்கு மொத ஆறு மாசம் கரெக்டா வந்துச்சுங்"ன்னுதான் ஊருக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தாரு.

படம் பாத்தவங்க இன்னொண்ணு சொன்னாங்க. மொதப் பாதி ஜோரு, ரெண்டாம் பாதி இழுவைன்னு. காந்தி பாபு பாம்பு வித்தான், ஆள் சேத்தாப் பணமுன்னு மண்டபத்துல கூட்டம் போட்டான், அட்சய திருதியைக்கு மலிவாத் தங்கம் தர்றேன்னான், கொட்டாயே விசிலடிச்சுது. பொறவு ஒரு புள்ளையக் கட்டிக்கிட்டுக் கிராமத்துல உழைச்சுப் பொழைக்கலாமுன்னு போறான், அங்க கொட்டாவி வுட்டுப்போட்டாங்க. அடுத்தவன் காசு போறது எத்தனை நேரமானாலும் சலிக்காது போல. ஒருத்தன் ஒழுங்காப் பொழைக்கறதப் பத்து நிமிசம் பாக்கறதுக்கு நம்மாளுகளுக்குப் பொறுமை இல்ல. அவன மறுபடியும் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்து ரைஸ் புல்லிங் பண்ண வெச்ச பொறவுதான் சனம் சீட்டுல நிமிந்து உக்காந்துச்சு.

ரைஸ் புல்லிங் தெரியுமுல்ல? கோயில் கலசத்துல இடி வுழுந்தா இரிடியம் ஆயிருமாம், அரிசிய இழுக்குமாம், அமெரிக்காவுல நாசாக்காரன் கோடி கோடியாக் குடுத்து வாங்கிக்குவானாம். இரிடியம் அரிசியையும் இழுக்காது, இரும்பையும் இழுக்காது. அரிசிக்குள்ள இரும்பக் கலந்து வெச்சு, சொம்புக்கடியில காந்தத்த ஒட்டறதுதான் வேலை. இதுல சூட்சுமம் என்னன்னா, பாம்போ கலசமோ ரெண்டுமே கள்ளச் சரக்கு. மண்ணுளிக்கு வெசமும் கிடையாது, ரெட்டைத் தலையும் கிடையாது. வால் மழுங்கலா இருக்கும், அவ்வளவுதான். வயக்காட்டுல எலி புடிச்சுத் தின்னுக்கிட்டுக் கெடக்கற பிராணி. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதைப் புடிச்சாலே கேசு. எடை எச்சா இருந்தா வெலை எச்சான்னு அதுக்கு இரும்புக் குண்டு முழுங்க வெச்ச பாவிகளும் உண்டு. இத வாங்கி ஏமாந்தவன் ஸ்டேசனுக்குப் போயி என்னன்னு எழுதிக் குடுப்பான்? "நான் திருட்டுப் பாம்பு வாங்குனனுங், அது நல்ல பாம்பா இல்லீங்"ன்னா? வாய மூடிக்கிட்டு ஊட்டுக்கு வந்துருவான். வந்து, படம் பாக்கப் போவான். அங்க செட்டியாரப் பாத்து எல்லாரையும் வுட எச்சாச் சிரிக்கறவன் எவன்னு கவனிச்சுப் பாரு. பாதிப் பேரு அவந்தான்.

"இந்த மாதிரி படம் வந்துதான் பசங்க கெட்டுப் போறானுங்க"ன்னு பெரியவிய சிலரு சொல்றாங்க. அடப்போங்க. இங்க ஈமு வந்து போயி ரெண்டு வருசம் ஆகப்போறப்பத்தான் படமே வந்துச்சு. அதுக்கும் முன்னாடி பைனான்ஸ் கம்பெனிக வரிசையா ஓடிப்போயி, முதலீடு போட்டவனக் காப்பாத்தறதுக்கு 1997லயே சர்க்காரு தனிச் சட்டம் போட்டாச்சு. சினிமாக்காரன் நம்மகிட்ட இருந்துதான் கத்துக்கிட்டான், நம்ம அவங்கிட்ட இருந்து கத்துக்கறதுக்கு ஒண்ணும் பாக்கியில்ல. அதே வினோத்துத் தம்பி 2023 பொங்கலுக்கு அஜித்த வெச்சு 'துணிவு' எடுத்தாரு. அதுல பாம்பும் இல்ல, கலசமும் இல்ல, பேங்கே ஏமாத்துது. ஏமாத்தறவன் கோட்டு போட்டுக்கிட்டு ஏசி ரூமுல உக்காந்துட்டா டோக்கன் வாங்கிக்கிட்டு வரிசையில நிப்போம். அந்தப் படத்துக்கும் சனம் என்ன சொல்லுச்சு? "மொதப் பாதி சூப்பர், ரெண்டாம் பாதி மெசேஜு." மெசேஜுங்கறத வாயில வேப்பெண்ணெய ஊத்துன மாதிரித்தான் சொன்னாங்க.

அந்தப் படம் வுட்டு வர்றப்ப கொட்டாய் வண்டி ஸ்டாண்டுல ஒரு பையன் நோட்டீசு குடுத்துக்கிட்டிருந்தான். "வீட்டில் இருந்தபடியே மாதம் 30,000." மஞ்சக் காயிதம். பேங்க்காரன் ஏமாத்தறத ரெண்டரை மணி நேரம் பாத்துக் கையத் தட்டுன சனம், ஒருத்தன் வுடாம வாங்குச்சு. கீழ போட்டவன் ரெண்டு பேருதான், அதுவும் கையில கொழந்தை இருந்ததுனால. மத்தவிய நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாங்க. நீயும் ஒண்ணு வாங்குன. எனக்குப் படிச்சுச் சொல்லாமத்தான் வெச்சுக்கிட்ட.

செரி, கண்ணு, இத்தனை நேரம் பேசுனதுக்குக் காரணம் ஒண்ணு இருக்குது. நேத்துச் சாங்காலம் நீ போன வெச்சுக்கிட்டு உங்கம்மிச்சிகிட்ட என்னமோ பெருமையாக் காட்டிக்கிட்டிருந்தியே. ஏதோ டெலிகிராமு குரூப்பாமா. சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் அஞ்சு நட்சத்திரம் போட்டா காசாமா. நீ இத்தனை வருசமாப் படத்தப் பத்திச் சும்மா பேசிக்கிட்டிருந்த, இப்ப ஒருத்தன் அதுக்குக் கூலி குடுக்கறான், சந்தோசந்தான். மொதல்ல 150 ரூவா அக்கவுண்டுல வந்து வுழுந்துச்சுன்னு சொன்ன. மறுநாளும் வந்துச்சு. இப்ப "பிரீமியம் டாஸ்க்கு" வேணுமுன்னா 5,000 கட்டச் சொல்றானாமா. நாலு மணி நேரத்துக்குள்ள கட்டிப்போடோணுமாமா. அம்மிச்சி சுருக்குப் பையத் தொலாவுனது என்ற கண்ணுல பட்டுப்போச்சு.

நான் தடுக்கல. வயசுப் பையன், சம்பாதிக்கோணும். கட்டறதுக்கு முன்னாடி உன்ற ஐயன ஒரு வார்த்தை கேட்டுக்க. அவருக்கு இந்தத் தொழில்ல அனுபவம் இருக்குது. லாஜிக் இருக்குதா இல்லையான்னு கரெக்டாச் சொல்லிப்போடுவாரு. அவரும் செரின்னு சொல்லி நீ கட்டியும் போட்டீன்னா, 1930ன்னு ஒரு நம்பர் இருக்குது, சைபர் போலீசு, உடனே அதுக்கு அடி. என்ற மூத்த அண்ணன் பொறந்த வருசம், அதனால எனக்கு மறக்காது. அங்க போன எடுக்கறவங்ககிட்ட மாத்திரம் "எனக்கு முன்னாடியே தெரியுமுங்"ன்னு ஆரம்பிச்சுப்போடாத, அவங்களுக்குச் சோலி நெறைய இருக்கும்.