எல்லை தாண்டும் புகை

பொது இடத்தில் புகைக்க 1999 ஜூலையிலேயே தடை போட்டது கேரள உயர் நீதிமன்றம். அதனால்தானோ என்னவோ, குமுளியிலும் வாளையாரிலும் சிலருக்கு ஒரு நம்பிக்கை: செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் நின்று பற்றவைத்தால் அது கணக்கில் வராது.

முகச் சுருக்கத்தை இழுத்துத் தைத்துக்கொண்டவருக்கும் அதே நம்பிக்கைதான். அறுவை சிகிச்சைக்கு முன்னே நான்கு வாரம், பின்னே நான்கு வாரம் பீடி, சிகரெட் கூடாது என்பது மருத்துவர் வழக்கமாகப் போடும் நிபந்தனை. நம்மவர் குறைப்பது சிகரெட்டை அல்ல. மருத்துவரிடம் சொல்லும் எண்ணிக்கையை.

நிக்கோட்டினுக்கு மாநில எல்லை தெரியாது. நுண்ணிய ரத்தக் குழாய்களை அது சுருக்கிவிடும். கார்பன் மோனாக்சைடோ, பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தைத்த தோல் பட்டினி கிடந்து கருக்கும். காயம் எளிதில் ஆறாது. இளமைக்குக் கொடுத்த பணத்தில் முதுமையே வீடு வந்து சேரும்.

பொது இடத்தில் பிடித்தால் சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரை. தோல் விதிக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, ரசீதும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. "டாக்டர் கைராசி சரியில்லை" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு சிகரெட் வேண்டுமே!