கத்தரிக்காய் நிறத்தில் ஒரு தாத்தா

உபுண்டு லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சன்னல் திறக்கும். உள்ளே உங்கள் பெயர், ஒரு டாலர் குறி, பக்கத்தில் மினுக்கும் ஒரு கட்டம். வாங்க என்றோ, என்ன வேண்டும் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. இந்த உம்மணாமூஞ்சித்தனத்தைப் பார்த்தே பலர், இது மேதாவிகளின் இடம் என்று சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். என் கட்சி வேறு. உள்ளே இருப்பவர் மேதாவியும் அல்ல, திமிர் பிடித்தவரும் அல்ல. காகிதச் செலவுக்குப் பயந்து வாழ்ந்து பழகிய ஒரு தாத்தா. பெயர் டெலிடைப், திரை வருமுன் கணினியோடு பேசப் பயன்பட்ட தட்டச்சு எந்திரம்.

சாட்சிக்கு வெளியே போக வேண்டாம். ‘டிடிஒய்’ என்று தட்டினால் எந்த முனையத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்வார். அந்தக் கட்டளையே டெலிடைப்பின் சுருக்கம்தான். 1963-இல் வந்த மாடல் 33 டெலிடைப், நொடிக்கு 10 எழுத்து வீதம் காகிதத்தில் கடகடவென்று அடிக்கும். அந்த வேகத்தில், தங்கள் கோப்பு நல்லபடியாக நகலெடுக்கப்பட்டது என்று உபசாரம் பேசினால் நாலைந்து நொடியும் ஒரு வரிக் காகிதமும் போச்சு. ஆகவே வேலை முடிந்தால் வாயைத் திறக்காதே, கெட்டால் மட்டும் சொல் என்பது லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் குடும்ப வழக்கமாயிற்று. நகலுக்குச் ‘சிபி’, பட்டியலுக்கு ‘எல்எஸ்’ என்று பெயரிலும் கஞ்சத்தனம். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, ‘கிரியேட்’ என்ற அழைப்பின் வாலில் விட்டுப்போன ‘இ’யைச் சேர்ப்பேன் என்றாராம் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன். சேமிக்கும் நினைப்பில் கன்ட்ரோல்–எஸ் அமுக்கினால் சன்னல் அப்படியே உறையும், கன்ட்ரோல்–க்யூ அமுக்கினால்தான் உயிர் வரும். காகித நாடாவை நிறுத்தி ஓட்டிய காலத்துச் சைகை அது. எல்லாவற்றையும்விட, ‘எஸ்டிடிஒய்’ என்று கேட்டுப் பாருங்கள். வேகம் 38400 பாட் என்று முகம் மாறாமல் சொல்வார். கம்பியே இல்லை, வேகம் மட்டும் இருக்கிறது!

சுட்டி இருக்க இந்தக் கிழவர் எதற்கு என்பீர்கள். சுட்டியால் செய்ததை இன்னொருவருக்குத் தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்: வலது மூலை, பல்சக்கரம், மூன்றாவது வரி, அது உங்கள் பதிப்பில் இல்லையா, அப்படியானால் இடது மூலை. கட்டளை என்றால் ஒரு வரி. எழுதி அனுப்பலாம், ஒரு வருடம் கழித்தும் அதே வரி. ‘ஆர்எம்’ கேட்காமலே கோப்பை அழிக்கிறதே, குப்பைத்தொட்டியில்கூடப் போடுவதில்லையே என்பது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் பெட்டிகளை நம்மில் யார் படிக்கிறோம்? விரல் தானாகச் ‘சரி’யை அமுக்கிவிடுகிறது. அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால், கட்டளையோடு ஒரு சிறு கோடும் ‘ஐ’ எழுத்தும் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் உத்தரவு கேட்பார். நாற்பதாவது கோப்பில், போதும் தாத்தா என்று தோன்றும். அதற்குக் கன்ட்ரோல்–சி.