நாய் வளக்கப் போறியாமே பேராண்டி?

நாய் வாங்கப் போறியாமே பேராண்டி? வாங்கு, வாங்கு. யாரு வேண்டாம்னா? ஒரு ஜோடி உழவு மாட்டு விலையக் கொட்டி, நீலக்கண்ணு நாய் ஒண்ணு பேசி முடிச்சிருக்கியாமே. ஹஸ்கியா அது? போன்ல படம் பாத்தேன். லட்சணமாத்தான் இருக்கு. எந்த ஊருன்னு கேட்டா சைபீரியாங்குற. அங்க பனி மேல வண்டி இழுக்குற சாதியாம். ஒடம்புல ரோமம் ரெண்டு அடுக்கு. அதக் கொண்டாந்து கத்திரி வெயில்ல மூணாவது மாடியில கட்டிப் போடப் போற. "ஏசி இருக்குல்ல தாத்தா"ங்குற. சரி ராசா. கரண்டு போனா? நாய்க்கு வேர்வை உள்ளங்கால்ல மட்டுந்தான் கொஞ்சம் கசியும். மத்தச் சூட்டையெல்லாம் நாக்கத் தொங்கப் போட்டு, இளைச்சு இளைச்சுத்தான் வெளிய தள்ளணும். ஒனக்குப் புழுங்குனா சட்டையக் கழத்திட்டு உக்காந்துக்குவ. அது எதக் கழத்தும்?

நம்ம பக்கத்து நாயெல்லாம் ஒன் கண்ணுல படலையாக்கும். சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை, கன்னி. இதுல மூணு, ஊரு பேரையே பேரா வச்சுக்கிட்டுத் திரியுது. ராஜபாளையம் நாய்க்கு 2005ல தபால் தலையே போட்டாச்சு. 2020ல பிரதமர் ரேடியோவுல இதுக பேரச் சொன்னாரு. அது வரைக்கும் "நாட்டு நாயி"ன்னு மூஞ்சியச் சுளிச்ச ஆளுகதான், அதுக்குப் பெறகு "ஒரிஜினல் சாதியா, சர்ட்டிபிகேட்டு இருக்கா"ன்னு கேக்குறாங்க. நாய் எங்கருந்துப்பா சர்ட்டிபிகேட்டு காட்டும்?

அதுக்காகச் சிப்பிப்பாறையப் புடிச்சு ஃபிளாட்டுக்குள்ள அடைச்சிராத. முயல் வெரட்டுன சாதி. ஒன் வீட்டு ஹால் அதுக்கு ரெண்டு எட்டு. மூணாவது எட்டுக்கு டிவி மேலதான் ஏறணும். என்னக் கேட்டா, ஒங்க தெருவுலயே பொறந்து, ஒங்க வெயிலுக்கும் மழைக்கும் பழகுன குட்டி ஒண்ணத் தூக்கிட்டு வருவேன். நீ என்னக் கேக்கவா போற?

பேரு வைக்கிறதுக்கு ஒரு வாரமாக் குடும்பத்தோட கூடிப் பேசுறீகளாமே. எங்க காலத்துல மணின்னு வைப்போம், கருப்பன்னு வைப்போம். கூப்புட்டா வரும். பேருன்னா வேற என்னத்துக்கு? நாய் வீட்டுக்கு வரும் முன்னயே அதுக்கு இன்ஸ்டாகிராமுல கணக்கும் தொறந்தாச்சுன்னு ஒன் தங்கச்சி சொன்னா. நல்லது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா? அங்க ஒரு நடுகல்லு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துது. மாட்டுக்காக நடந்த சண்டையில செத்துப் போன வீரனுக்கு எடுத்த கல்லு. பக்கத்துல அவன் நாயும் நிக்குது. கோவிவன்னு அதோட பேரு. ரெண்டு கள்ளனக் கடிச்சு, காவலா நின்ன சேதியும் எழுத்துல இருக்கு. 1,300 வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த நாய் எத்தனை லைக்கு வாங்குச்சோ!

மதுரையில ஒன் பெரியப்பன் வீட்டுல ஒண்ணு இருக்கே, புரூனோ, லாப்ரடாரு. அதப் போய் ஒரு நாள் உக்காந்து பாரு. நாய் வளக்குறது என்னன்னு வெளங்கும். விடிஞ்சதும் ஒன் பெரியம்மா முட்டைச் சோறு வைப்பா. வழிச்சுத் தின்னுட்டு, பெரியப்பன் எந்திரிக்கிற வரைக்கும் பொறுமையாக் காத்திருக்கும். அவரு பேப்பர விரிச்சதும் காலடியில வந்து மூஞ்சியத் தொங்கப் போடும். பாக்குற நமக்கே வயிறு எரியும். ரெண்டு பிஸ்கட்டு. அடுத்தாப்புல பள்ளிக்கூடம் போற பாப்பா. அவளுக்கு வேண்டாத இட்டிலியெல்லாம் மேசைக்குக் கீழ எறங்கும். பத்து மணிக்கு வேலைக்கு வர்ற அக்கா ஒரு துண்டு ரொட்டி கொண்டாருவா. நாலு பேருகிட்டயும் தனித்தனிக் கணக்கு. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு. குடும்பத்துக்குன்னு வாட்சப்புல குரூப்பு வச்சிருக்காக. "நாய்க்குச் சோறு வச்சாச்சு"ன்னு அதுல ஒரு வரி போட ஆளு இல்ல. மாட்டாஸ்பத்திரி டாக்டரு எடை பாத்துட்டு, "யாரு இப்படித் தீனி போடுறது?"ன்னு கேட்டாரு. எல்லாரும் ஒருத்தர ஒருத்தரு பாத்தாக. புரூனோ மட்டும் சன்னலப் பாத்துச்சு.

அதுக்கு மெத்தை வேற. என் கலியாணத்துக்குக்கூட அப்படி ஒரு மெத்தை வரல. அது என்ன பண்ணும் தெரியுமா? மெத்தையில ஏறி மூணு சுத்து சுத்தும். மோந்து பாக்கும். எறங்கி வந்து, வாசல்ல கெடக்குற பழைய சாக்கு மேல படுக்கும். செருப்பு விசயத்துல மட்டும் தரம் பாக்கும். பழசத் தொடாது. புதுசுல ஒத்தக் காலு மட்டும்.

நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சா என்ன ஆகும்னு அந்தக் காலத்துலயே சொல்லி வச்சுட்டாக. இப்ப அதுக்கு ஷாம்பு, கண்டிசனரு, துண்டு. ஈரத்தோட ஓடிப்போய் மண்ணுல பொரண்டுட்டு வந்து நிக்குது. ஒன் மூக்குக்கு மணக்குறது அதோட மூக்குக்கு நாத்தம். அதுகிட்டக் கேட்டா போட்ட?

இருந்தாலும் ஒண்ணு சொல்லணும். ஒன் பெரியப்பன் பால் பாக்கெட்டு வாங்கப் போய் பத்து நிமிசத்துல திரும்புனாலும், தெருமுனையில அவரு வண்டிச் சத்தம் கேட்டதுமே அது வாசலுக்கு வந்துரும். வாலும் இடுப்பும் சேந்து ஆடும். பெத்த பிள்ளை போன்லருந்து தலையத் தூக்குதா? சொல்லு.

நாய நடத்திக் கூட்டிட்டுப் போக மாசச் சம்பளத்துக்கு ஆளு கெடைக்குதாம்ல. அவனுக்கும் காசு குடுப்ப. அந்த நேரத்துல ஜிம்முக்குப் போய், மிசின் மேல நின்ன எடத்துலயே நடக்க அங்கயும் காசு கட்டுவ. நீயும் நாயும் சேந்து நடந்தா ரெண்டு செலவும் மிச்சம்னு ஒனக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்லையா? தார் ரோட்டுச் சூட்டுக்குப் பூட்ஸ் வாங்குனேன்ங்காத. பொறங்கைய ரோட்டுல வச்சுப் பாரு. ஒன்னால தாங்க முடியலன்னா நாயாலயும் முடியாது. வெயில் ஏறும் முன்ன வெள்ளன எந்திரிச்சுப் போயிட்டு வா. எந்திரிக்கிறதுதான ஒனக்குக் கஷ்டம்?

அப்புறம் பொறந்த நாளு. கேக்கு வெட்டுவீக, தொப்பி மாட்டுவீக. பாசத்துல சாக்லேட்ட ஊட்டிராத. அது நாய்க்கு வெசம். திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்தக் கெடுத்துரும். வெங்காயம் ரத்தத்தக் கெடுத்துரும். வெங்காயச் சாம்பார ஊத்திப் பெசஞ்சு வைக்கிற எங்க ஊரு ஆச்சிகளுக்கும் சேத்துத்தான் சொல்றேன். வெந்த கோழி எலும்பையும் போடாத, செதறிக் கொடல்ல குத்தும். தீவாளி வெடிக்குக் கட்டிலுக்குக் கீழ போய் ஒளிஞ்சா வெளிய இழுத்துப் படம் புடிக்காத. கதவச் சாத்தி, ஃபேனப் போட்டுட்டு, பக்கத்துல சும்மா உக்காரு.

கேக்குக்குக் குடுக்குற காச மொதல்ல ஊசிக்குக் குடு. வெறிநோய்த் தடுப்பூசி குட்டியிலயே போடணும், பெறகு டாக்டரு சொல்ற நாள்ல தவறாமப் போடணும். குன்னூர்ல பாஸ்டர் நிறுவனம் 1907லயே வந்தாச்சு. அதுக்குப் பெறகும் நம்மாளு நாய் கடிச்சா மந்திரிக்கத்தான் ஓடுனான். மஞ்சள அப்புனான், மொளகாப் பொடியத் தேச்சான். அந்த நோயி முத்தி, தண்ணியப் பாத்து பயம் வந்துட்டா மனுசன் பொழைக்கிறதில்ல. கடிபட்டா குழாயத் தொறந்து விட்டு, சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவு. பெறகு நேராப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. முன்ன தொப்புளச் சுத்திக் குத்துவாங்க, இப்ப கையிலதான். ஒன் செல்லம் வெளையாட்டாப் பல்லு பதிச்சாலும் இதேதான். "எங்க நாயி ஒண்ணும் செய்யாது"ன்னு வாசல்ல நின்னு சொல்ற ஆளத்தான் நான் நெறையப் பாத்திருக்கேன்.

கடைசியா ஒரு கணக்கு மட்டும் போட்டுக்க. நாய்க்கு ஆயுசு பத்துப் பன்னெண்டு வருசம். அதுக்குள்ள ஒனக்குக் கலியாணம் ஆகும், வேலை மாறும், வெளிநாட்டுக் கிறுக்கும் வரும். அன்னைக்கு அத நாலுவழிச் சாலையில எறக்கி விட்டுட்டுப் போற நெனப்பு இருந்தா, இன்னைக்கே பொம்மை நாய் ஒண்ணு வாங்கிக்க. இல்ல, கடைசி வரைக்கும் பாப்பேன்னா தாராளமா வளத்துக்க. ஊருக்கு வரும்போது அதையும் கூட்டிட்டு வா. மெத்தையக் கொண்டாராத.