மாயாவியின் கை

கே: சித்தூர்க்காரன் நான், திருப்பதியில் ஆராய்ச்சி மாணவன். காதங்கி ரேடார் தரும் காற்றுத் தரவுகளை வரைபடமாக்க நானே ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். திறமூலக் கூட்டத்தில் சேர்த்தால் என் பெயர் காணாமல் போய்விடாதா?

ப: சேர்க்காவிட்டால், உங்களுக்கு வேலை கிடைத்த மறுநாளே மென்பொருளே காணாமல் போகும்! சேர்த்தால் பெயர் நிற்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் படித்த பிரபு ராமச்சந்திரன் எழுதிய முப்பரிமாண வரைபட மென்பொருளின் பெயரே 'மாயாவி'. பிறகு அது அமெரிக்காவின் எந்தாட் நிறுவனத்தின் திறமூலப் பைத்தான் தொகுப்பில் போய்ச் சேர்ந்தது. பழையதை அப்படியே தூக்கி வைக்கவில்லை. 'மாயாவி 2' என்று புதிதாகவே எழுதினார்கள். (மருமகள் வந்ததும் சமையலறையை மாற்றி அடுக்குவது போல.) பிரான்சின் கயேல் வாரோகோ கைகொடுத்தார். 2011-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது.

'இரும்புக்கை மாயாவி' காமிக்ஸ் படித்திருப்பீர்களே? மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைவார். கை மட்டும் தெரியும். திறமூலத்திலும் அப்படித்தான். எந்த வரியை யார் எழுதினார் என்பது மாற்றப் பதிவேட்டில் தேதியோடு கிடக்கும். விளக்கக் குறிப்பு மட்டும் எழுதிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் திட்டுகிறவர்கள் உங்கள் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் சொல்வார்கள்!